புதுப்பிப்பு: 2038-இல் கணினியை அணைத்து வைத்தால் போதுமா?

2038 ஜனவரி 19 அன்று பழைய கணினிகளில் தேதி குழம்பப்போகிறது; அன்று மின் நிலையங்களும் குடிநீர் நிலையங்களும் கணினிகளைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் போதும் என்று போன மாதம் அடித்துச் சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் (0, 1 மட்டுமே வரும் 32 இலக்கங்களில்) எண்ணிவரும் பழைய கருவிகளுக்கு அன்று காலை, நம் நேரப்படி 8:44:07-க்கு, இடம் தீர்ந்துவிடும். எண்ணிக்கை மைனஸுக்குப் போய், அடுத்த நொடியே 1901 என்று காட்டும். சரி, 8:40-க்கு அணைத்து 9 மணிக்குப் போட்டால்? அப்போதும் நேரம் அந்த எல்லையைத் தாண்டியதுதானே!

இதைப் புரியவைத்தவர் பாம்பனில் ஒரு படகோட்டி அண்ணன். 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் தேதிக்காக வாரங்களை எண்ணும் எண், அதன் எல்லையான 1,023-ஐத் தாண்டிப் பூஜ்யமானபோது அவருடைய பழைய கருவி 1999-ஐக் காட்டியதாம். "அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்த்தேன் தம்பி, இருபது வருசம் பின்னாடியேதான் நின்னுச்சு" என்றார். நல்லவேளை, வலை போட்ட இடத்தைக் கருவி சரியாகவே காட்டியதாம்.

அப்புறம், நிறுத்திய நிலையத்தை மறுபடி ஓட்டுவது ஃபேன் சுவிட்ச் போடுகிற வேலையா? அதிலேயே ஆயிரம் கோளாறு வரும். முன்கூட்டியே தேதியைத் தள்ளிவைத்துச் சோதிப்பதுதான் வழி. எங்கள் ஐஸ் கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பேனலில் செய்து பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கட்டும், அதுவரை தொடாதே என்கிறார்.