புதுப்பிப்பு: உருண்டையாகக் கிடந்த விஓஎஸ்வியூவர் வரைபடம்

போன வாரம் இங்கே புலம்பியது நினைவிருக்கலாம். மலேசியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களை ஸ்கோப்பஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் இருந்து இறக்கி, விஓஎஸ்வியூவரில் (கட்டுரைகளின் குறிச்சொற்களைப் புள்ளிகளாக்கி, சேர்ந்து வருபவற்றைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் மென்பொருள்) போட்டால் படம் முழுக்க ஒரே நூல்கண்டு. என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

பாதி சரியாகிவிட்டது. ஒரு குறிச்சொல் குறைந்தது 5 முறை வரவேண்டும் என்பதுதான் அதில் முன்பே இருக்கும் அளவு. அதை 12 ஆக்கினேன், சிக்கல் குறைந்தது. அப்புறம் நீங்கள் சொன்ன தெசாரஸ் கோப்பு, அதாவது ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றாக்கச் சொல்லும் பட்டியல். சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான்: ஒரு நெடுவரிசையில் பழைய சொல், அடுத்ததில் மாற்றுச் சொல், நடுவே டேப். 'மைக்ரண்ட் ஒர்க்கர்', 'மைக்ரண்ட் ஒர்க்கர்ஸ்' எல்லாம் ஒரே புள்ளியானது.

அந்த உற்சாகத்தில் 'ஆயில் பாம்', 'பாம் ஆயில்' இரண்டையும் சேர்த்துவிட்டேன். சுங்கை சிப்புட் வீட்டில் அம்மா திரையை எட்டிப் பார்த்து, "மரமும் எண்ணெயும் ஒண்ணாடா?" என்றார். செம்பனைக் குலை பொறுக்கிய கை அது, சும்மா விடுமா! பிரித்தேன். உடனே தோட்ட வேலை ஒரு நிறத்திலும், எண்ணெய் வணிகம் வேறொரு நிறத்திலும் தனித்தனிக் கொத்தாக நின்றன. எனக்கு வேண்டியதே அதுதான்.

இன்னும் தீராதது ஒன்று. தமிழிலும் மலாயிலும் வந்த கட்டுரைகள் ஸ்கோப்பஸில் அரிதாகவே கிடைக்கின்றன. அடுத்து ஓப்பன்அலெக்ஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடப்போகிறேன், அது இலவசம். யாராவது முயன்றிருந்தால் சொல்லுங்கள்.