துர்க்மெனிஸ்தான் 5 நாள்: அழைப்புக் கடிதம், எல்லைச் செலவு, ரொக்கக் கணக்கு

நெடுவழி:

உஸ்பெகிஸ்தானில் கீவா வரை போகும் திட்டம் உறுதியாகிவிட்டது. அங்கிருந்து எல்லை தாண்டி துர்க்மெனிஸ்தானில் 5 நாள், 4 இரவு. கோனே உர்கெஞ்ச் இடிபாடுகள், தீ எரியும் தர்வாசா எரிவாயுப் பள்ளம், தலைநகர் அஷ்காபாத், பழைய நகரமான மெர்வ் பார்த்துவிட்டு ஃபாராப் எல்லை வழியாக புகாராவுக்கு வெளியேற வேண்டும். இரண்டு பேர், இரண்டுமே இந்திய பாஸ்போர்ட். அக்டோபர் முதல் பாதி.

கேள்விகள்: வழிகாட்டி இல்லாமல் டிரான்சிட் விசாவில் (நாட்டைக் கடந்துபோக மட்டும் தரும் விசா) போக முடியுமா? அழைப்புக் கடிதத்துக்கு எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்? தலைக்கு எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவு கையில் ரொக்கமாக இருக்க வேண்டும்? விமான டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடலாமா?

மணல்மேடு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். விசாவுக்கு முன் அனுமதியான அழைப்புக் கடிதம் கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் எடுக்காதீர்கள். இந்தப் பயணத்தில் எல்லாத் தேதியும் அந்த ஒரு தாளைச் சுற்றித்தான் நிற்கும்.

டிரான்சிட் விசாவை நம்பித் திட்டம் போடாதீர்கள். கோவிட் காலத்துக்கு முன்பு 3 முதல் 5 நாள் வரை கொடுத்தார்கள். வழிகாட்டி தேவையில்லை, ஆனால் நுழையும் எல்லை, வெளியேறும் எல்லை, போகும் பாதை மூன்றும் எழுத்தில் கட்டப்பட்டிருக்கும். அப்போதே காரணம் சொல்லாமல் நிராகரிப்பது சாதாரணம். 2020 மார்ச்சில் மூடிய எல்லைகள் சுற்றுலாப் பயணிகளுக்கு 2023இல்தான் திரும்பத் திறந்தன. நம்பிப் போகக்கூடிய ஒரே வழி, உரிமம் பெற்ற துர்க்மென் ஏஜென்சி மூலம் எடுக்கும் சுற்றுலா விசா. அதில் வழிகாட்டி கட்டாயம். 2025 ஏப்ரலில் மின்விசாவுக்கான சட்டம் கையெழுத்தானது உண்மை. ஆனால் சட்டம் வந்ததும் நடைமுறை வந்துவிடும் என்று கணக்குப் போடாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் எந்த முறை ஓடுகிறது என்று ஏஜென்சியிடமே கேளுங்கள்.

நடைமுறை இப்படி: நீங்கள் ஏஜென்சியோடு பாதையையும் தேதியையும் முடிவு செய்கிறீர்கள். அவர்கள் உங்கள் பெயரில் மாநில இடம்பெயர்வுத் துறையிடம் விண்ணப்பிக்கிறார்கள். அனுமதி வந்தால் அழைப்புக் கடிதம் ஸ்கேன் வடிவில் மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்து எல்லையில் காட்டினால் அங்கேயே விசா ஒட்டித் தருவார்கள். தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. கடிதத்தில் நுழைவிடம் எழுதியிருக்கும். கீவாவுக்குப் பக்கத்து எல்லைச் சாவடியான ஷாவத் (துர்க்மென் பக்கத்துப் பெயர் தஷோகுஸ்) என்று எழுதியிருந்தால் ஷாவத்தில்தான் நுழைய வேண்டும், கடைசி நேரத்தில் மாற்ற முடியாது.

பரிசீலனைக்கு வழக்கமாக 2 முதல் 4 வாரம். நீங்கள் 8 வாரம் முன்னால் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை நிராகரித்தாலும் இன்னொரு முறை முயல நாள் மிச்சமிருக்கும். செப்டம்பர் 27 அவர்களுடைய சுதந்திர தினம். பெரிய அரசு விழாவை ஒட்டி அனுமதி இறுகுவது அங்கே பழக்கம், அதனால் அக்டோபர் முதல் நாளிலேயே நுழையாமல் ஒரு வாரம் தள்ளி வைத்தால் நல்லது.

ஏழுகடல்:

மணல்மேடு சொன்னதோடு நம்மவர்கள் அடிக்கடி சிக்கும் ஒரு விஷயம்: பெயர்.

தமிழர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும், எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும். விண்ணப்பப் படிவமோ இரண்டும் கேட்கும். உடனே அப்பா பெயரை எடுத்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவார்கள். அங்கேதான் கெடுகிறது. எல்லை அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரி. அழைப்புக் கடிதத்தில் இருக்கும் பெயர் அந்த வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். படிவத்தை நீங்களே ஊகித்து நிரப்பாமல், குடும்பப் பெயர் இல்லை என்று ஏஜென்சிக்குத் தெளிவாக எழுதி, அவர்கள் எப்படிப் போடச் சொல்கிறார்களோ அப்படியே உஸ்பெக் மின்விசாவிலும் விமான டிக்கெட்டிலும் போடுங்கள். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதுவது அதே தவறுதான். கடிதம் வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். தட்டச்சுப் பிழை அவர்கள் பக்கத்தில் நேர்ந்தாலும் எல்லையில் நிற்கப்போவது நீங்கள்.

கேட்கும் தாள்கள்: பாஸ்போர்ட்டின் வண்ண ஸ்கேன் (நான்கு மூலையும் தெரிய வேண்டும், ஃப்ளாஷ் வெளிச்சம் விழக்கூடாது), வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், படிப்பு – வேலை விவரம் உள்ள படிவம், வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம். பயணம் முடிந்தபின்னும் பாஸ்போர்ட் 6 மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். ஊடகத் துறையில் வேலை செய்பவர்களுக்கு நிராகரிப்பு வாய்ப்பு அதிகம். அதற்காக வேறு வேலை எழுதிவிடாதீர்கள். பொய் பிடிபட்டால் ஏஜென்சியின் உரிமமும் சேர்ந்து ஆபத்தில் மாட்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கேற்ப காலம் ஒதுக்கித் தருவார்கள்.

அடுத்தது உஸ்பெக் விசா. நீங்கள் கீவாவிலிருந்து வெளியேறி புகாராவில் திரும்ப நுழைகிறீர்கள். அது இரண்டு நுழைவு. ஒற்றை நுழைவு மின்விசா 20 டாலர், இரட்டை 35, பல நுழைவு 50. 15 டாலர் மிச்சம் பிடிக்க ஒற்றை எடுத்தால் ஃபாராப் பக்கம் வெளியேறிய பிறகு இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்பீர்கள். இரட்டை எடுங்கள்.

சுங்கச்சாவடி:

பட்ஜெட் நான் எழுதுகிறேன். கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்கான அளவுகள். ஒவ்வொரு ஏஜென்சியும் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லும், ஆனால் விகிதம் இப்படித்தான் வரும்.

இந்த நாட்டில் செலவைத் தீர்மானிப்பது ஓட்டலோ சாப்பாடோ அல்ல, ஜீப்பில் எத்தனை இருக்கை நிரம்புகிறது என்பதுதான். ஓட்டுநரோடு ஜீப் நாளுக்கு 150 டாலர், வழிகாட்டி நாளுக்கு 50 என்று வையுங்கள். 5 நாளுக்கு 750 + 250 = 1,000 டாலர். தனி ஆள் என்றால் முழுதும் அவர் தலையில். இரண்டு பேர் என்றால் 500. மூன்று பேர் என்றால் 333. நான்காவது ஆள் வந்தால் இன்னும் குறையும் என்று தோன்றும், குறையாது. ஓட்டுநரும் வழிகாட்டியும் உட்கார்ந்தபின் பெட்டி படுக்கையோடு வசதியாக மூன்று பேருக்குத்தான் இடம். நான்கு பேருக்கு இரண்டாவது ஜீப் வேண்டும், மொத்தம் 1,750, தலைக்கு 437 ஆகிவிடும். ஆகவே மூன்றாவது ஆள் ஒருவரைத் தேடுங்கள். ஐந்து நாளும் ஒரே பாதையில் வரச் சம்மதிப்பவராக, அழைப்புக் கடிதம் தனியாக ஆனால் அதே ஏஜென்சியில் எடுப்பவராக இருந்தால் போதும். சில ஏஜென்சிகளே தேதியைச் சொன்னால் ஆள் சேர்த்துத் தருகின்றன.

இரண்டு பேருக்கான தலைக்கணக்கு: வண்டியும் வழிகாட்டியும் 500. மூன்று இரவு ஓட்டல், அறையைப் பகிர்ந்தால் 105. தர்வாசாவில் யூர்ட் (வட்டக் கூடாரம்) முகாம் இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்து 50. நினைவிடங்களின் நுழைவுக் கட்டணம் 30. மற்ற சாப்பாடு 60. அழைப்புக் கடித வேலைக்கு 50. எல்லைக்கு 150. கூட்டினால் 945. மூன்றாவது ஆள் கிடைத்து வண்டிச் செலவு 333 ஆனால், அவர் தனி அறை எடுத்த கூடுதலையும் மூவரும் பங்கிட்டாலும் தலைக்கு 800 அளவில் நிற்கும். தனியாகப் போகிறவருக்கு 1,500 ஆகும்.

எல்லைக்கு 150 என்று ஏன் இவ்வளவு வைத்தேன் என்றால் அங்கே ஒரே கட்டணம் இல்லை. விசாக் கட்டணம் நாட்டையும் தங்கும் நாட்களையும் பொறுத்து மாறும். அதன்மேல் நுழைவு அட்டைக்கு ஒரு கட்டணம், வங்கிச் சேவைக்கு ஓரிரண்டு டாலர், கோவிட் பரிசோதனை என்று சுமார் 30 டாலர் (எல்லை திறந்தபின் வாங்கிவந்தார்கள், இப்போதும் உண்டா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள்), இரண்டு சோதனைச் சாவடிக்கு நடுவே ஓடும் சிற்றுந்துக்கு ஒன்றிரண்டு டாலர். எல்லாம் டாலர் நோட்டாகத்தான், கார்டு எடுக்க மாட்டார்கள். மீதிச் சில்லறை இல்லை என்று சொல்வார்கள், அதனால் 1, 5, 10, 20 நோட்டுகளாகப் பிரித்துக்கொண்டு போங்கள். கிழிந்த, மடிப்பில் வெளுத்த, பேனா எழுத்து உள்ள நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புதிய வடிவ நோட்டுகள் மட்டும் எடுங்கள்.

இதற்கு மேல் தலைக்கு 200 டாலர் தொடாமல் தனி உறையில் இருக்கட்டும். ஏடிஎம்மை நம்பி ஒரு நாள்கூடக் கணக்குப் போடாதீர்கள்.

நெடுவழி:

மூன்றாவது ஆள் விஷயம் தெரியாமல் நாலு பேராகப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நன்றி. ரொக்கம் பற்றி இன்னொன்று: அங்கத்திய நாணயமான மனாத்துக்கு மாற்று விகிதம் இரண்டு இருக்கிறது என்கிறார்கள். சாப்பாட்டுக்கு எதை வைத்துக் கணக்குப் போடுவது?

சுங்கச்சாவடி:

அரசு விகிதம் 2015 தொடக்கத்திலிருந்து 1 டாலருக்கு 3.50 மனாத், அசையவில்லை. தெருவில் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். 70 மனாத் சாப்பாடு அரசு விகிதத்தில் 20 டாலர், தெரு விகிதத்தில் நான்கு டாலருக்கும் குறைவு. ஆனால் தெருவில் மாற்றுவது சட்டப்படி குற்றம். மாட்டினால் உங்களை விட உங்கள் வழிகாட்டிக்குத்தான் பெரிய கேடு.

அதனால் ஒழுங்கான வழி, மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தே டாலரில் விலை சொல்லும்படி ஏஜென்சியிடம் கேட்பது. அவர்கள் மனாத்தில் செலவழிப்பவர்கள், அந்த விலை நியாயமாகவே வரும். நான் மேலே போட்ட 60 அப்படி வருவதுதான். ஓட்டல் எப்படியும் வெளிநாட்டவரிடம் டாலரில்தான் வாங்கும். தண்ணீர், பழம், தேநீர் போன்றவற்றுக்கு 20 டாலரை வங்கியில் மாற்றிக்கொண்டால் போதும். மீதி மனாத்தை வெளியே எங்கும் மாற்ற முடியாது.

முன்பணம் அனுப்பும்போது ரத்து விதியை எழுத்தில் வாங்குங்கள்: அழைப்புக் கடிதம் மறுக்கப்பட்டால் சுற்றுலாப் பணம் முழுதும் திரும்புமா, கடித வேலைக்கான 50 மட்டும் போகுமா என்று. நல்ல ஏஜென்சி முன்பணம் சிறிதாக வாங்கி, மீதியை வந்திறங்கியபின் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும். முழுத் தொகையும் முன்னாலேயே கேட்பவர்களை நான் தவிர்க்கச் சொல்வேன்.

மணல்மேடு:

பாதையை வடக்கிலிருந்து தெற்காகப் போட்டிருக்கிறீர்கள், அது சரி. முதல் நாள் ஷாவத் எல்லை திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். மதிய உணவுக்கு மூடினால் ஒரு மணி நேரம் போய்விடும், அன்றைக்கு அதைத் தாங்க முடியாது. எல்லை தாண்டியதும் வரும் தஷோகுஸ் நகரிலிருந்து கோனே உர்கெஞ்ச் சுமார் 100 கிலோமீட்டர். அங்கே 60 மீட்டர் உயரமுள்ள குத்லுக் திமூர் மினாரைப் பார்த்துவிட்டு தர்வாசாவுக்கு இன்னும் நான்கைந்து மணி நேரம். சாலை குண்டும் குழியும், கடைசிச் சில கிலோமீட்டர் மணல். ஜீப் கட்டாயம் என்பது அந்த மணலுக்காகத்தான். பொழுது சாய்ந்தபின் போய்ச் சேர்ந்தால் நல்லது, பள்ளம் இருட்டில்தான் தெரியும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பழைய படங்களில் உள்ள தீ இப்போது இல்லை. சுற்றிலும் கிணறு தோண்டி வாயுவை இழுக்கிறார்கள், தீ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று 2025இல் அரசுத் தரப்பே சொன்னது. இந்தப் பள்ளம் ஒன்றுக்காகவே 945 டாலர் என்றால் யோசியுங்கள். மெர்வும் கோனே உர்கெஞ்சும் பார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் போங்கள். மெர்வில் சுல்தான் சஞ்சார் கல்லறைக்கு மட்டுமாவது இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், பல திட்டங்களில் அதை அரை மணியில் முடித்துவிடுகிறார்கள்.

ஏழுகடல்:

எது கெடும் என்பதில் விட்டுப்போனவை. டிரோன் கொண்டுபோகாதீர்கள், எல்லையிலேயே எடுத்துக்கொள்வார்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகள் பையில் வேண்டாம். வேறு மருந்து என்றால் மருத்துவர் சீட்டோடு, கடை உறையோடு. அரசுக் கட்டடம், அதிபர் மாளிகை, விமான நிலையம், போலீஸ் ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. அஷ்காபாத்தில் வெள்ளைப் பளிங்குக் கட்டடம் எது, அரசுக் கட்டடம் எது என்று கண்ணுக்குப் பிரியாது. ஒவ்வொரு முறையும் வழிகாட்டியைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

மூன்று வேலை நாளுக்கு மேல் தங்கினால் இடம்பெயர்வுத் துறையில் பதிவு வேண்டும். உங்கள் 5 நாளில் சனி, ஞாயிறு விழுகிறதா என்பதைப் பொறுத்து அது வரலாம், வராமலும் போகலாம். செய்ய வேண்டியது ஏஜென்சிதான், ஆனால் இரண்டாம் நாளே கேட்டு வையுங்கள். வெளியேறும் சாவடியில் அது இல்லை என்று தெரியவந்தால் அபராதம் உங்களுக்கு.

சமூக ஊடகங்களும் வாட்ஸ்அப்பும் வேலை செய்யாது. வங்கி ஓடிபி கைப்பேசிக்கு வரும் என்று நம்பி எந்தப் பணப் பரிமாற்றத்தையும் அந்த 5 நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். புகாரா ஓட்டல், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் கீவாவிலேயே முடித்து, அச்செடுத்து, அழைப்புக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். கடிதம் இரண்டு பிரதி. ஒன்றை ஷாவத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

நெடுவழி:

அக்டோபர் 8 நுழைவு, 12 வெளியேற்றம் என்று வைத்து ஏஜென்சிக்கு எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் மூன்று பேருக்கும் தனித்தனி விலை, சாப்பாடு சேர்த்து, ரத்து விதியோடு. அதே தேதியில் மூன்றாவது இருக்கைக்கு வரக்கூடியவர் யாரேனும் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.