பேஸ்புக் 38 டாலர்: பி.இ. 82 இல்லை, 104!

கணக்கன் | மே 23, 2012
போன வெள்ளிக்கிழமை பேஸ்புக் பங்கு 38 டாலர் விலையில முதல் தடவையா சந்தைக்கு வந்துச்சு. "38 டாலர் நியாயமான விலைதான், பி.இ. வெறும் 82"னு சிலிக்கான்தமிழன் இன்னொரு திரியில எழுதியிருக்கார். (பி.இ.ன்னா, ஒரு பங்குக்கான வருஷ லாபத்தைப் போல பங்கு விலை எத்தனை மடங்குங்கிற கணக்கு.) படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கல. 38 டாலரை, ஒரு பங்குக்கான 2011 லாபம் 46 சென்ட்டால வகுத்திருக்கார். அந்த 46 சென்ட், 2011ல சராசரியா இருந்த சுமார் 150 கோடி பங்குக்குப் போட்ட கணக்கு. இன்னிக்கு ஊழியர்களுக்குப் போக வேண்டிய பங்கு (ஆப்ஷன், ஆர்.எஸ்.யூ.) எல்லாம் சேர்த்தா 274 கோடி பங்கு. 38ஆல பெருக்கினா 10,400 கோடி டாலர். போன வருஷ லாபம் 100 கோடி. அப்ப பி.இ. 104.

சிலிக்கான்தமிழன்
46 சென்ட் நான் கண்ட கனவு இல்ல சார், தணிக்கை பண்ணின கணக்கு, ப்ராஸ்பெக்டஸ்ங்கிற பங்கு வெளியீட்டு அறிக்கையில அச்சடிச்சிருக்கு. அதைத் திருத்த நீங்க யாரு? மாசம் 90 கோடிப் பேர் வர்ற இடம். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு நாலு டாலர் சொச்சம்தான் இப்ப வரவு. அது எட்டாச்சுன்னா 38 சல்லிசு.

கரிசல்காட்டான்
எட்டு எப்படி ஆகும்? அதுல 48.8 கோடிப் பேர் மொபைல்ல பாக்குறாங்க. மொபைல்ல விளம்பரம் ஏறலைன்னு மே 9ந் தேதி பேஸ்புக்காரங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. முதல் காலாண்டு லாபம் 23.3 கோடியிலேர்ந்து 20.5 கோடிக்கு இறங்கியிருக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் விளம்பரத்தையே நிறுத்திட்டான்.

மீனா_நியூஜெர்சி
நியாயமான விலைன்னா ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? வரப்போற லாபத்தோட இன்றைய மதிப்பா, சந்தை குடுக்கிற விலையா?

கணக்கன்
அது அப்புறம். முதல்ல 104ஐ ஒத்துக்கட்டும். அந்த 46 சென்ட்ல 100 கோடி லாபமும் முழுசா இல்ல. மூணுல ஒரு பங்கை முன்னுரிமைப் பங்குக்காரங்க கணக்குல ஒதுக்கிட்டாங்க. அந்தப் பங்கெல்லாம் இப்ப சாதாரணப் பங்கா மாறியாச்சு. மேல லாபமும் பழசு, கீழ பங்கு எண்ணிக்கையும் பழசு, விலை மட்டும் புதுசா?

சிலிக்கான்தமிழன்
82. பக்கத்தைத் திறந்து படிங்க.
போன வருஷம் லிங்க்ட்இன் பங்கு முதல் தடவையா 45 டாலருக்கு வந்தப்ப "தொடாதீங்க"னு இதே இடத்துல கத்தினது யாரு? முதல் நாளே 94ல முடிஞ்சுது. உங்க பேச்சைக் கேட்டு நான் விட்டேன்.

கணக்கன்
அந்தக் கோபம்தானா இது! ஐ.பி.ஓ.ல, அதாவது முதல் பங்கு வெளியீட்டுல, உங்களுக்கு ஒதுக்கீடு கிடைக்கப் போறாப்ல பேசுறீங்க. 94ல வாங்கச் சொல்லியிருந்தா என் மேல பழி போடலாம்.

கரிசல்காட்டான்
அண்ணே, லிங்க்ட்இன்னை விடுங்க. பேஸ்புக் திங்கள் 34, நேத்து 31. சந்தை தீர்ப்புச் சொல்லிடுச்சு.

சிலிக்கான்தமிழன்
அது நாஸ்டாக் பங்குச்சந்தை பண்ணின கூத்து. வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் தாமதம், ஆர்டர் போட்டவனுக்கு வாங்கினோமா இல்லையான்னே தெரியல. பயந்து வித்தான். கூகுள் 2004ல 85 டாலருக்கு வந்தப்பவும் இப்படித்தான் பேசினாங்க.

கணக்கன்
வெள்ளிக்கிழமை 38.23ல நின்னதே வெளியீட்டை நடத்தின மார்கன் ஸ்டான்லி வங்கி 38ல வாங்கி முட்டுக் குடுத்ததாலதான். முன்னாடி விலை 28-35 டாலர்னு சொன்னதை 34-38ன்னு ஏத்தினாங்க. அதே வாரத்துல விக்கிற பங்கையும் கால்வாசி கூட்டினாங்க. வித்த 42.1 கோடியில 24.1 கோடி பழைய முதலாளிங்களோடது. விவரம் தெரிஞ்சவன் 38ல தள்ளிவிடுறான், நீங்க அதை நியாயம்ங்கிறீங்க. ஊர்ல சம்பாதிச்ச காசைக் கொண்டுபோய்க் கொட்டப் போறவங்க இதைப் படிக்கிறாங்க, அதான் எனக்கு ஆத்திரம்.

மீனா_நியூஜெர்சி
சரி, உங்க கணக்குல எவ்வளவு பெறும்?

கணக்கன்
104ன்னு அவர் ஒத்துக்கிட்டதும் சொல்றேன். 150 கோடியா, 274 கோடியா? ஒரு வரியில பதில் வேணும்.

சிலிக்கான்தமிழன்
46 சென்ட். 82. லிங்க்ட்இன்னுக்கு நீங்க முதல்ல பதில் சொல்லுங்க.