ஐந்து பேர் குடும்பத்துக்கு எந்த எஸ்யூவி? கிரெட்டா, எலிவேட், கிராண்ட் விட்டாரா, குஷாக்

கோவைவாசி:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, 4 வயசுப் பையன், 9 வயசுப் பொண்ணு, முழங்கால் வலியுள்ள அம்மா. மாசம் 900 கி.மீ. ஓட்டம். அதில் முக்கால்வாசி பீளமேடு, காந்திபுரம் டிராஃபிக்கில் ஸ்கூலும் ஆபீஸும். மாசம் ஒரு தடவை வால்பாறை இல்லாவிட்டால் ஊட்டி. மனைவியும் ஓட்டுவார், அதனால் ஆட்டோமேட்டிக்தான். ஆன்ரோடு 20 லட்சத்துக்குள் இருக்கணும். கிரெட்டா 1.5 பெட்ரோல், எலிவேட், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் வண்டியை ஓட்டும்), குஷாக் 1.0 வரைக்கும் சுருக்கிவிட்டேன். டர்போ இல்லாத பெட்ரோல் மலையில் திணறுமா? ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு திரும்புமா? கிரெட்டா டீசலையும் சேர்த்துப் பார்க்கலாமா?

மலைப்பாதை:
மலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 சதவீத சக்தியை இழக்கும், காற்று மெலிவதுதான் காரணம். ஊட்டி 2,240 மீட்டர். எலிவேட்டின் 121 பிஎஸ் (PS, குதிரைசக்தி அளவு) அங்கே 95 பக்கம் நிற்கும். கிரெட்டாவின் 115 பிஎஸ் 90க்கு இறங்கும். ஐந்து பேர், லக்கேஜ், ஏசியோடு ஏறும், ஆனால் இன்ஜின் கத்திக்கொண்டே ஏறும். இந்த இரண்டிலும் வருகிற சிவிடியில் (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தினால் சத்தம்தான் முதலில் வரும், வேகம் பின்னாடி வரும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டி 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்துக்கொண்டால் வளைவிலிருந்து எழும்பும்போது தொய்வு இருக்காது. கிரெட்டாவில் நீங்கள் எடுக்கிற வேரியன்ட்டில் பேடில் ஷிஃப்டர் வருகிறதா என்று கேளுங்கள்.

குஷாக் 1.0 டர்போ, 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர் இழுவிசை. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் மேலே போனாலும் இழுவை அவ்வளவாகக் குறையாது, டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் (சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்துவது) என்பதால் ஏற்றத்தில் ஊர்ந்தாலும் கவலையில்லை. ஏற்றத்து டிராஃபிக்கில் கவலைப்பட வேண்டியது ட்ரை கிளட்ச் டிசிடி (எண்ணெயில் மூழ்காத இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வகைக்கு. கிரெட்டா டர்போவிலும் குஷாக் 1.5லும் இருப்பது அதுதான். பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும்.

இறக்கம்தான் பலர் கேட்காத கேள்வி. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி. ஹைபிரிட்டில் கியரை 'பி' (B, பார்க்கிங் P அல்ல) நிலைக்கு மாற்றினால் மோட்டார் பிரேக் பிடித்து பேட்டரியை நிரப்பும். ஆனால் அந்த பேட்டரி வெறும் 0.76 யூனிட். பாதி இறக்கத்துக்குள்ளேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு இன்ஜின் பெட்ரோல் குடிக்காமலே உறுமிக்கொண்டு சுற்றும். பழுது என்று பயந்து 'டி'க்கு மாற்றாதீர்கள், அதுதான் உங்கள் பிரேக் பேடைக் காப்பாற்றுகிறது. ஏறும்போதும் இதே பேட்டரி சீக்கிரம் காலியாகும், மூணு சிலிண்டர் இன்ஜின் தனியாக இழுக்கிற சத்தம் உள்ளே கேட்கும்.

ஸ்பேனர்செட்:
டீசலை விட்டுவிடுங்கள். வண்டியில் குறையில்லை, 250 நியூட்டன் மீட்டர், டார்க் கன்வெர்ட்டர், மலைக்கு இந்தப் பட்டியலில் அதுதான் ராஜா. உங்கள் ஓட்டம்தான் பொருந்தாது. பிஎஸ்6 (BS6, புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி புகைக்கரியைப் பிடித்துவைக்கும். அந்தக் கரி எரிந்து போக வண்டி சூடாக, நிற்காமல், 60க்கு மேல் ஒரு 20 நிமிஷமாவது ஓடணும். ஸ்கூலுக்கு 4 கி.மீ. போய் இன்ஜினை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். அப்படியே தொடர்ந்தால் எரியாமல் போன டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் அளவு கூடும், கடைசியில் விளக்கு எரிந்து பிக்-அப் போய் சர்வீஸ் சென்டரில் நிற்கும். மாசம் ஒரு மலைப்பயணம் மட்டும் இதற்குப் போதாது.

இப்போது ஹைபிரிட் கணக்கு. சிட்டியில் லிட்டருக்குச் சாதா பெட்ரோல் 12 கி.மீ., ஹைபிரிட் 20 கி.மீ. என்று வைப்போம். 900 கி.மீ.க்கு 75 லிட்டர், 45 லிட்டர். மிச்சம் 30 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் மாசம் 3,000, வருஷம் 36,000. எக்ஸ்-ஷோரூமில் 2.5 லட்சம் வித்தியாசம் என்றால், 10 முதல் 20 லட்சம் வரையான கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18 சதவீதம், ஆக 2.95 லட்சம். அதைப் பிடிக்க 8 வருஷத்துக்கு மேல் ஆகும். மாசம் 1,500 கி.மீ. ஓட்டினால் 5 வருஷத்தில் பிடித்துவிடலாம். எந்த வேரியன்ட்டோடு எதை ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த வித்தியாசம் மாறும், உங்கள் கொட்டேஷனை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

காசுக்காக என்றால் உங்களுக்கு வேண்டாம். ஆனால் காந்திபுரம் சிக்னலில் இன்ஜின் அணைந்து, சத்தமில்லாமல் ஊர்கிற சுகத்துக்காக என்றால் தாராளமாக எடுக்கலாம். அதில் கிளட்சும் இல்லை, சிவிடி பெல்ட்டும் இல்லை, பல்சக்கர அமைப்புதான். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்ட்டி. ஒரே பெரிய குறை டிக்கி. பேட்டரி கீழே உட்கார்ந்திருப்பதால் சாதா விட்டாராவின் 373 லிட்டர் 265க்கு இறங்கிவிடும். எலிவேட்டில் 458, கிரெட்டாவில் 433, குஷாக்கில் 385. ஐந்து பேர் மூணு நாள் ஊட்டியில் தங்கினால் இந்த வித்தியாசம் அம்மாவின் காலடியில் ஒரு பையாகத்தான் வந்து நிற்கும்.

கோவைவாசி:
ரொம்ப நன்றி சார், டீசலை எடுத்துவிட்டேன். பின்னாடி அம்மா நடுவில், இரண்டு பக்கமும் பிள்ளைகளுக்குச் சைல்டு சீட் என்று நினைத்திருக்கிறேன். அகலத்தில் எது தேவலாம்?

பின்சீட்பயணி:
அந்த அமைப்பு இந்த நாலு காரிலுமே சரிவராது. அதை முதலில் மாற்றுங்கள்.

ஐசோஃபிக்ஸ் கொக்கி (சைல்டு சீட்டைப் பூட்டும் இடம்) இரண்டு ஓர சீட்டிலும்தான் இருக்கும், அது அசையாது. ஒரு சைல்டு சீட் சுமார் 44 செ.மீ. அகலம். இரண்டை மாட்டினால் நடுவில் மிஞ்சுவது ஒரு பெரியவர் ஒருக்களித்து உட்காருகிற இடம். அதைவிட மோசம், நடு சீட்டின் பெல்ட் பக்கிள் பூஸ்டரின் (பெரிய பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) அடியில் போய் மாட்டிக்கொள்ளும். விரல் நுழையாது. அப்புறம் நடுவில் இருப்பவர் பெல்ட்டே போடாமல் வருவார். முழங்கால் வலி உள்ளவரை நடுமேட்டின் மேல் காலை வைத்து உட்காரச் சொல்லவே கூடாது.

அம்மாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள். ஏறி இறங்க அதுதான் சுலபம், சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டலாம். பையனுக்கு ஓரத்தில் ஐசோஃபிக்ஸ் சீட். மேலே வருகிற டாப் டெதர் பட்டையைச் சீட் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வளையத்தில் கட்டாயம் மாட்டுங்கள், அதை மாட்டாவிட்டால் மோதலில் சீட்டின் தலைப்பகுதி முன்னால் சாயும். பொண்ணுக்கு அடுத்த ஓரத்தில் ஐசோஃபிக்ஸ் இல்லாத, குறுகலான, முதுகுள்ள பூஸ்டர். கொக்கி இல்லாததால் கதவுப் பக்கம் சில செ.மீ. நகர்த்தலாம், நடு பக்கிள் வெளியே வரும். நடுவில் உங்களில் ஒருவர். 9 வயசுக்கு பூஸ்டர் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். உயரம் 150 செ.மீ. வருகிறவரை கார் பெல்ட் கழுத்தை அறுக்கும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறும். பட்டை இடுப்பெலும்பின் மேலும் தோள்பட்டை நடுவிலும் படுகிறதா என்பதுதான் அளவு.

இந்த அமைப்புக்கு அகலம் முக்கியம். குஷாக் 1,760 மி.மீ., மற்றவை 1,790 பக்கம். குஷாக்கில் பின்னால் இரண்டு பேருக்கு அருமை, மூணு பேருக்கு நெருக்கம். 2022 குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் அதற்கு 5 ஸ்டார் கிடைத்தது. அது உங்களுக்குப் பெரிசு என்றால் பூஸ்டர் அளவை ஷோரூமிலேயே வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். என் தேர்வு எலிவேட்: கதவு அகலமாகத் திறக்கும், வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) 2,650 மி.மீ., டிக்கி பெரிசு.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் இரண்டு சீட்டையும் கூட்டிப் போங்கள். அம்மா கையை ஊன்றாமல் உட்கார முடியணும், பாதம் முழுசாகத் தரையில் படணும். எந்த வேரியன்ட்டை வாங்கப் போகிறீர்களோ அதிலேயே உட்காருங்கள், பனோரமிக் சன்ரூஃப் இருந்தால் தலைக்கு மேல் இடம் குறையும்.

சேலத்தான்:
எஸ்யூவிதான் வேணும் என்று பிடிவாதம் இல்லை என்றால் கியா கேரன்ஸையும் ஒரு தடவை பாருங்கள். 4,540 மி.மீ. நீளம், வீல்பேஸ் 2,780. கடைசி வரிசையை மடித்தால் டிக்கிக்குப் பஞ்சமில்லை, ஊரிலிருந்து ஆள் வந்தால் ஏழு பேர் போகலாம். பார்க்கிங்கில் மட்டும் ஒரு ஜாண் கூடுதலாக வேணும்.

ஸ்பேனர்செட்:
கேரன்ஸ் யோசனை நல்ல யோசனை, தெருவும் போர்ட்டிகோவும் இடம் கொடுத்தால்.

எதை புக் பண்ணினாலும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் யார்டில் போய் வண்டியைப் பாருங்கள், அப்புறம் மாற்றித் தரமாட்டார்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025இல் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து டயரிலும் பாருங்கள், ஒன்று மட்டும் ரொம்ப வேறுபட்டால் காரணம் கேளுங்கள். ஸ்டெப்னி சின்ன சைஸாக வந்தால் அதைப் போட்டு 80க்கு மேல் போகக்கூடாது, வால்பாறை போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கணும். டிரைவர் கதவுத் தூணில் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். ஐந்து பேரும் லக்கேஜுமாகப் போகும் நாளில் அதில் உள்ள முழு லோடு எண்ணை வையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது.