மோட்டார்ஹோமுக்கு எந்தக் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஏற்றது?

கேள்வி:
வணக்கம். பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்து உறங்கும் வசதியுள்ள பயண வண்டி) ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதில் அடுப்பு, ஹீட்டர் இரண்டும் எல்பிஜியில் இயங்குகின்றன. எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறிய, படுக்கையருகே பொருத்தப்பட்டிருக்கும் அலாரம், பொத்தானை அழுத்தினால் உரக்க ஒலிக்கிறது. குழந்தைகளோடு உறங்கும் இடம் என்பதால் கேட்கிறேன்: இதை நம்பலாமா? புதிது வாங்குவதென்றால், எல்பிஜி கசிவையும் சேர்த்துக் காட்டும் ஒரே கருவி போதுமா?

பதில் 1:
முதலில் அதைக் கழற்றி, பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் அந்தப் பொத்தான் மின்சுற்றையும் ஒலிப்பானையும் மட்டுமே சோதிக்கிறது. உள்ளே இருக்கும் சென்சார் செயலிழந்திருந்தாலும் சத்தம் வரும். சென்சாரின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள்தான்.

வாங்கும்போது வீட்டுக்கான கருவியை எடுத்துவிடாதீர்கள். ஐரோப்பியத் தரங்களில் இஎன் 50291-1 என்பது வீடுகளுக்கானது. பயண வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உரியது 50291-2. அமெரிக்கத் தரமான யுஎல் 2034 முத்திரை இருந்தால், பயண வாகனங்களுக்கு ஏற்றது என்று தனியே குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவை எண்ணில் காட்டும் திரை அவசியம் என்பது என் கருத்து. ஐரோப்பியத் தரப்படி, காற்றில் கார்பன் மோனாக்சைடு 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) இருந்தால் அலாரம் 3 நிமிடங்களுக்குள் ஒலிக்க வேண்டும். ஆனால் 50 பிபிஎம் அளவில் 60 முதல் 90 நிமிடங்கள் கழித்துத்தான் ஒலிக்கும். எங்கள் வண்டியில் ஒரு குளிரிரவு அலாரம் மௌனமாக இருக்க, திரையில் மட்டும் 34 என்று தெரிந்தது. உடனே ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். மறுநாள் பார்த்தபோது ஹீட்டரின் புகைக்குழாய் இணைப்பு தளர்ந்திருந்தது.

பதில் 2:
ஒரே கருவி வேண்டாம் என்றுதான் சொல்வேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். அதற்கான கருவி தரையை ஒட்டியே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடோ காற்றோடு கலந்து எங்கும் பரவுவது. அதைக் கண்டறியும் கருவியைப் படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்தில், தலையணைக்கு அருகே பொருத்த வேண்டும். இன்னொன்று: லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஹைட்ரஜனும் இந்தச் சென்சார்களைத் தூண்டக்கூடும். அப்படி ஒலித்தாலும், பொய்யான எச்சரிக்கை என்று நினைத்துக் கருவியை அணைத்துவிடாமல், முதலில் வெளியேறிவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கழற்றிப் பார்த்தேன்; 2016-க்குள் மாற்ற வேண்டும் என்று அச்சாகியிருக்கிறது. இன்று காலையில்கூடப் பொத்தானை அழுத்தியதும் அது உரக்கத்தான் ஒலித்தது. தனித்தனியாக இரண்டு கருவிகள் வாங்கிப் பொருத்தும்வரை அந்த வண்டியில் நாங்கள் உறங்கப்போவதில்லை.