9 வோல்ட் கிட்டார் பெடலுக்கு 18 வோல்ட்: ஹெட்ரூமுக்குத் தமிழில் என்ன?

> 'தலையிடம்' என்றே வைத்துக்கொள்ளலாம், புரிகிறதே.

எனக்குப் புரியவில்லை ஐயா. தலையிடம் என்றால் முதலிடம் என்றுதான் காதில் விழுகிறது. ஹெட்ரூம் என்று நாம் சொல்ல வருவது, கிட்டார் ஒலியின் மின் அலை எழும்பி இடிபடும் வரைக்கும் அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம்.

டி.எல்.072 என்ற ஆப்-ஆம்ப் (அலையைப் பெருக்கும் சில்லு) போட்ட 9 வோல்ட் பெடலை எடுத்துக்கொள்வோம். ஆப்-ஆம்பின் வெளியீடு கொடுத்த மின்னழுத்தத்தின் விளிம்பு வரை போகாது, மேலும் கீழும் சுமார் ஒன்றரை வோல்ட் முன்பே நின்றுவிடும். ஆக, அலை ஆட 6 வோல்ட். 18 வோல்ட் கொடுத்தால் 15. மின்னழுத்தம் இரட்டித்தால் இடம் இரண்டரை மடங்கு, ஏறத்தாழ 8 டெசிபல் கூடுதல். ஓங்கி மீட்டினாலும் அலையின் உச்சி மழுங்காது.

அலைக்கு அகடு, முகடு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கூரைக்கும் முகடு உண்டு. ஆகவே ஹெட்ரூம் 'முகட்டிடம்', கிளிப்பிங் 'முகடு மழுங்கல்'. எப்படி?

– ம.

———

> ஹெட்ரூம் 'முகட்டிடம்'

அகடும்தானே மழுங்குகிறது? பாதி அலைக்கு மட்டும் பெயர் வைத்தால் எப்படி?

அதைவிட எனக்கு வேறு கவலை. '18 வோல்ட்டில் முகட்டிடம் கூடும்' என்று பொதுவாக எழுதி வைத்தால், படிப்பவர் கையில் கிடைத்த பெடலிலெல்லாம் சொருகிப் பார்ப்பார். ட்யூப் ஸ்க்ரீமர் பெடலில் அலையை மழுக்குவது பின்னூட்டப் பாதையில் (ஆப்-ஆம்பின் வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்பும் பாதை) இருக்கும் சிலிக்கன் டையோடுகள். அவை சுமார் 0.6 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கிவிடும். வெளியே எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அந்த அளவு நகராது. க்ளோன் சென்டார் பெடலோ 9 வோல்ட்டை உள்ளேயே இரட்டித்துக்கொள்கிறது. அதைச் செய்யும் மேக்ஸ்1044 சில்லு ஏறத்தாழ 10 வோல்ட் வரைதான் ஏற்கும், 18 கொடுத்தால் போயிற்று. 16 வோல்ட் மட்டுமே தாங்கும் மின்பகு மின்தேக்கி போட்ட பெடல்கள் இன்னொரு வகை. அன்றைக்கு வாசிக்கும், பிறகு ஒருநாள் வீங்கி நிற்கும்.

எனவே முதலில் இரண்டு சொல் பிரிக்க வேண்டும்: பெட்டி மேல் அச்சடித்திருப்பது ஒன்று, உள்ளிருக்கும் உறுப்புகள் தாங்குவது ஒன்று.

– செ.

———

> அகடும்தானே மழுங்குகிறது?

தலைகீழாக்கும் பெருக்கியில் ஒருமுறை நுழைந்து வந்தால் உங்கள் அகடு முகடாகிவிடும்! அதனால் சொல்லை விட மனமில்லை.

மற்றதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அச்சடித்திருப்பது 'குறித்த மின்னழுத்தம்', உறுப்புகளின் எல்லை 'தாங்கு மின்னழுத்தம்'. 'தாங்கழுத்தம்' என்று சுருக்கலாம்தான், ஆனால் கேட்டால் இரத்த அழுத்தம் மாதிரி இருக்கிறது. நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிப் போடட்டுமா?

முகட்டிடம்: அலை மழுங்குவதற்கு முன் அது வளர எஞ்சியுள்ள இடம். எ-டு: "தாங்கு மின்னழுத்தம் பார்த்துவிட்டு 18 வோல்ட் கொடு, ஆப்-ஆம்பே மழுக்கும் பெடலானால் முகட்டிடம் கூடும், டையோடு மழுக்கினால் பழையபடிதான்."

– ம.