மறு: கிடார் ட்யூனிங் மெஷின் – ‘பற்பிரடை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கிடார் பழுதுபார்க்கும் கையேட்டுக்காக, தலைப்பலகையில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் மெஷினுக்கு (சுருக்கமாக ட்யூனர்) தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை வேலையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை என் ஸ்ட்ராட் வகை மின்கிடாரில் ஆறு ட்யூனரையும் கழற்றிப் புதுசு மாட்டினேன். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, செய்யச் செய்யத் தமிழில் எழுதிக்கொண்டே போனேன். எந்தச் சொல் நிற்கிறது, எது இடறுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

> சுருதிப் பொறி என்று வைக்கலாம். நேராகப் புரியும்.

ஐயா, எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது. ஆனால் சுருதிப் பெட்டி நம் காதில் ஊறிப்போன சொல். ‘சுருதிப் பொறி’ என்றதும் கச்சேரி மேடையில் ஒலித்துக்கொண்டிருக்கும் மின்னணுப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. என் மாணவர்கள் இரண்டு பேரிடம் கேட்டேன், இருவரும் அதையே சொன்னார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கிடாரின் தலைப்பலகையில் கிளிப் போல மாட்டி, சுரம் சரியா என்று பார்க்கும் சின்னக் கருவிக்கும் ட்யூனர் என்றுதான் பெயர். ‘ட்யூனரை மாற்று’ என்றால் எதை மாற்றுவது? தமிழில் இரண்டையும் பிரித்துவிடலாம். பார்ப்பதற்கு உள்ளதைச் சுருதிகாட்டி என்போம். முறுக்குவதற்கு வேறு சொல் வேண்டும்.

> முறுக்காணி – பழைய அகராதிகளிலேயே இருக்கிறது. மாடகம் அதைவிடப் பழையது.

முறுக்காணி எனக்குப் பிடித்த சொல். நோட்டில் முதல் பக்கம் முழுக்க அதையே எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி வந்தது: ‘முறுக்காணியின் திருகாணியைக் கழற்றி, முறுக்காணியை வெளியே எடுக்கவும்.’ ஒவ்வொரு ட்யூனரும் தலைப்பலகையின் பின்பக்கம் பொடித் திருகாணிகளால்தான் பிடித்திருக்கும். திருகாணியும் முறுக்காணியும் ஒரே வரியில் வந்தால், கையில் திருப்புளி வைத்திருப்பவர் எதைத் திருகுவார்? பழுது வேலையில் இந்த மாதிரிக் குழப்பம் மரத்தைப் பிளந்துவிடும்.

மாடகம் அழகான சொல். பத்தர், கோடு, திவவு, நரம்பு என்று யாழின் உறுப்புகளை அடுக்கும் வரிசையில் வருவது. ஆனால் இன்று தந்திக் கருவி வாசிக்கும் யார் வாயிலும் அது இல்லை. பொருளையும் சொல்லையும் சேர்த்தே ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். வாழும் சொல் ஒன்று இருக்கும்போது அந்தச் சுமை எதற்கு?

அந்த வாழும் சொல்தான் பிரடை. வீணை செய்பவர்களும் வாசிப்பவர்களும் நாள்தோறும் புழங்குவது. வாசிப்புத் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று, ஆக ஏழு பிரடை. தம்பூராவிலும் அதே பெயர். கம்பியின் ஒரு முனையைச் சுற்றிக்கொண்டு, திருப்பினால் சுருதி ஏறும், விட்டால் அங்கேயே நிற்கும். கிடாரில் இருப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

> எங்கள் வீட்டு வீணையில் கிடார் கீ போட்டிருக்கிறோம். அதை நாங்கள் பிரடை என்று சொல்வதில்லை. பிரடை என்றால் மரம்தான்.

அக்கா, வந்த மடல்களில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். நீங்கள் சொல்வது சரி. இரண்டும் நிற்கும் விதமே வேறு. மரப்பிரடை ஒரு பக்கம் சிறுத்து, துளைக்குள் அழுந்தி, உராய்வால் நிற்கிறது. மழைக்காலத்தில் இறுகும், வெயிலில் நழுவும், சாக்கட்டி தடவிச் சமாளிக்கிறோம். கிடாரில் உள்ளதில் ஒரு திருகுமரை பற்சக்கரத்தின் மேல் படிந்து ஓடுகிறது. குமிழைத் திருப்பினால் கம்பியைச் சுற்றிக்கொள்ளும் தண்டு சுற்றும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் தண்டு குமிழைத் திருப்பாது. பல்லின் அமைப்பே அதைத் தடுத்துவிடுகிறது.

அதனால்தான் ‘பல்’ முன்னால் வர வேண்டும் என்கிறேன். பல்+பிரடை, பற்பிரடை. பற்சக்கரம் ஏற்கெனவே பள்ளிப் பாடத்தில் உள்ள சொல், ஆகவே புணர்ச்சியும் புதிதல்ல. மின்சாரம் வந்தபோது விளக்கு என்ற சொல்லை நாம் தூக்கிப் போடவில்லை, மின்விளக்கு என்றோம். அதுபோல மரப்பிரடை, பற்பிரடை என்று இரண்டும் இருக்கட்டும். உங்கள் வீட்டு வீணையில் இருப்பதும் பற்பிரடைதான்.

அடுத்தது 15:1, 18:1 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண். இதைச் சுற்று விகிதம் என்று எழுதியிருக்கிறேன். 18:1 என்றால் குமிழ் 18 சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று. தண்டின் குறுக்களவு 6 மி.மீ. என்று வைத்தால் சுற்றளவு ஏறத்தாழ 19 மி.மீ. ஆக, குமிழை ஒரு முழுச் சுற்று திருப்பினால் கம்பி சுமார் 1 மி.மீ. நகரும். மரப்பிரடையில் ஒரு சுற்றுக்கு முழுச் சுற்றளவும் நகர்ந்துவிடும். மயிரிழை அளவு ஏற்ற வேண்டிய இடத்தில் பற்பிரடை ஏன் கைக்கு அவ்வளவு சுகமாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கிராஃப் டெக் நிறுவனம் ஆறு கம்பிக்கும் வெவ்வேறு விகிதம் வைத்து, 12:1 முதல் 39:1 வரை ஒரு தொகுதியே செய்கிறது. குமிழை ஒரே அளவு திருப்பினால் எல்லாக் கம்பியிலும் சுருதி ஏறக்குறைய ஒரே அளவு ஏற வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் சொல். ‘லாக்கிங் ட்யூனர்’ என்பதற்குப் ‘பூட்டுப்பிரடை’ என்று இரண்டு மடல்களில் வந்திருந்தது. வேண்டாம். ஆங்கிலச் சொல்லைக் கேட்டுவிட்டு, குமிழே பூட்டிக்கொள்ளும், இனிச் சுருதி கலையவே கலையாது என்று நம்பி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் குமிழ் பூட்டப்படுவதில்லை. தண்டின் துளைக்குள் போன கம்பியை உள்ளே ஒரு முளை வந்து அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஸ்பெர்செல், ஷாலர் நிறுவனங்களின் வகைகளில் பின்பக்கம் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகினால் அது பிடிக்கும். கோட்டோ நிறுவனத்தின் மேக்னம் லாக்கில் குமிழைத் திருப்பத் தொடங்கியதுமே தானாகப் பிடித்துக்கொள்ளும். கம்பியைத் தண்டில் மூன்று நான்கு சுற்று சுற்ற வேண்டாம், அரைச் சுற்று போதும். சுற்று குறைந்தால் நழுவ இடமும் குறையும். கம்பி மாற்றும் நேரமும் பாதியாகிவிடும்.

ஆகவே கவ்வுபிரடை. வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. நடுவில் ‘ப்’ போட வேண்டாம். சொல்லைக் கேட்டதுமே எது எதைக் கவ்வுகிறது என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விதான் அவரைச் சரியான பதிலுக்குக் கொண்டுபோகும்.

வேலை எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கு: முதலில் வாங்கிய தொகுதி பொருந்தவில்லை. ‘எல்லாம் ஒரே அளவுதான்’ என்று கடையில் சொன்னதை நம்பிவிட்டேன். என் தலைப்பலகையில் இருந்தது குளூசன் நிறுவனத்தின் பழைய அளவு, துளை சுமார் 8.7 மி.மீ. வந்தது குரோவர், ஷாலர் பாணியில் 10 மி.மீ. துளை கேட்பது. துளையைப் பெரிதாக்கலாம். ஆனால் சாதாரணத் துரப்பண அலகைப் போட்டால் வார்னிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும், அதற்கென்றே சரிவான துளைச்சீவி வேண்டும். ஒருமுறை பெரிதாக்கினால் திரும்பிப் போக முடியாது. எனக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய அளவுக்கே வரும் கவ்வுபிரடை வாங்கினேன். வாங்கும் முன் பழையதில் ஒன்றைக் கழற்றித் துளையை அளந்துவிடுங்கள் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கையேட்டில் அந்தப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

‘கம்பிகளைத் தளர்த்திக் கழற்றவும். பின்பக்கத் திருகாணிகளை எடுத்துப் பற்பிரடைகளை உருவவும். முன்பக்கத்து புஷ் (துளையில் செருகியிருக்கும் உலோக வளையம்) வராவிட்டால் சால்டரிங் அயர்னால் லேசாகச் சூடேற்றி, பின்பக்கமிருந்து மரக்குச்சியால் தள்ளவும், நெம்ப வேண்டாம். புதுப் பிரடைகளைத் துளைகளில் நிறுத்தி, ஒரு ஸ்கேலை ஒட்டவைத்து வரிசையை நேராக்கவும். பழைய திருகாணித் துளைகள் பொருந்தாவிட்டால் புதிதாகத் துளையிடவும். அலகில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் சுற்றிக்கொள்ளவும். திருகாணியின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்த பிறகே ஏற்றவும்.’

மெழுகு வரி அனுபவத்தில் வந்தது. மேப்பிள் கடினமான மரம். நான்காவது திருகாணியை மெழுகில்லாமல் ஏற்றினேன். ‘டக்’ என்று தலை மட்டும் திருப்புளியோடு வந்துவிட்டது, உடல் மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

இன்னொன்றையும் கையேட்டில் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சுருதி நிற்கவில்லை என்று பிரடை மாற்ற வருபவர்களில் பலருக்குக் கோளாறு பிரடையில் இருப்பதில்லை. தலைப்பலகை தொடங்கும் இடத்தில் கம்பி படிந்து போகும் குறுக்குப் பட்டையான நட்டின் காடி குறுகலாக இருக்கும். குமிழைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்து சுருதி துள்ளினால் கம்பி அங்கேதான் சிக்குகிறது. காடியில் பென்சில் கரியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அப்புறம் செலவு செய்யலாம்.

பாக்கி ஒரே ஒரு சொல். குமிழைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு மேலே ஏற்றும்போது, பல்லும் மரையும் தொடும்வரை குமிழ் சும்மா சுற்றும் அல்லவா? சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர் என்று சொல்வதே இதற்காகத்தான். பட்டறையில் அதை ‘ஆட்டம்’ என்கிறார்கள். ‘பல்லாட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன், பல் டாக்டரிடம் போகச் சொல்வது போல் இருப்பதாக வீட்டில் சொன்னார்கள். ‘வெற்றுச்சுற்று’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். லேத் வேலை தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பட்டறையில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன்.